படகு மிதக்கும் இடமே வரி கேட்கும் இடம்: வெளிமாநிலத்தில் வாங்கிய படகும் அமெரிக்கப் பயன்பாட்டு வரியும்

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஓரிகான் மாநிலத்துக்கும் வாஷிங்டன் மாநிலத்துக்கும் இடையில் நெடுந்தொலைவுக்குக் கொலம்பியா ஆறுதான் எல்லை. தென்கரையில் போர்ட்லண்டு நகரமும் வடகரையில் வான்கூவர் என்ற சிறு நகரமும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன (கனடா நாட்டு வான்கூவர் வேறு). ஓரிகானில் விற்பனை வரி என்பதே கிடையாது. வாஷிங்டனில் மாநில அரசு 6.5 விழுக்காடு வாங்குகிறது. அதற்கு மேல் உள்ளாட்சிகளின் பங்கும் சேரும். வடகரையில் குடியிருக்கும் ஒருவர் பாலத்தைக் கடந்து போர்ட்லண்டுக்குப் போய், 40,000 டாலர் கொடுத்து ஒரு மீன்பிடிப் படகை வாங்கி, டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்கு இழுத்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையிலிருக்கும் ரசீதில் வரி எதுவும் இல்லை. படகைப் பதிவுசெய்யச் சொந்த ஊர் அலுவலகத்துக்குப் போகும்போதுதான், மாநிலத்தின் பங்காக மட்டுமே 2,600 டாலரும், அதற்கு மேல் உள்ளாட்சி வரியும் கட்ட வேண்டும் என்று சொல்கிறார்கள். வரியில்லாத ஊரில் வாங்கியதற்கு வரியா என்று அவர் திகைத்து நிற்பது இயல்பே.

அவரிடம் கேட்கப்படுவது விற்பனை வரி அல்ல, பயன்பாட்டு வரி. இரண்டும் ஒரே விகிதத்தில் இருக்கும், ஒரே வரித் துறையின் கைக்குப் போகும். ஆனால் சட்டத்தின் பார்வையில் இரண்டும் வேறு. விற்பனை வரி, ஒரு மாநிலத்தின் எல்லைக்குள் நடக்கும் விற்பனையின் மேல் விழுகிறது. பயன்பாட்டு வரி, எங்கோ வாங்கி இங்கே கொண்டுவந்து பயன்படுத்துகிற, சேமித்துவைக்கிற செயலின் மேல் விழுகிறது. வேறொரு மாநிலத்தில் நடந்த விற்பனைக்கு வரி போடும் அதிகாரம் வாஷிங்டனுக்கு இல்லை. தன் நீர்நிலையில் ஓடும் படகின் பயன்பாட்டுக்கு வரி போடும் அதிகாரம் உண்டு. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், வெளிமாநிலத்தில் வாங்கிய படகைச் சுற்றி எழும் குழப்பங்களில் பெரும்பகுதி தானாகத் தெளிந்துவிடும்.

இந்த வரிக்கு அரசமைப்புச் சட்டத்தின் அங்கீகாரம் கிடைத்த வழக்கும் அதே கொலம்பியா ஆற்றில் பிறந்தது. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் சொத்து வரி வருவாய் சரிந்தபோது மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விற்பனை வரிக்குத் திரும்பின. 1935இல் வாஷிங்டன் 2 விழுக்காடு விற்பனை வரியைக் கொண்டுவந்தது. மக்கள் எல்லை தாண்டிப் போய் வாங்குவார்கள் என்பதை முன்கூட்டியே உணர்ந்து, வெளியில் வாங்கி உள்ளே பயன்படுத்தும் பொருள்களுக்கும் அதே 2 விழுக்காட்டை ஈடுசெய்யும் வரியாக விதித்தது. அப்போது கிராண்ட் கூலி அணையைக் கட்டிக்கொண்டிருந்த ஒப்பந்ததாரர்கள், வெளிமாநிலங்களிலிருந்து தாங்கள் கொண்டுவந்த எந்திரங்களுக்கும் தளவாடங்களுக்கும் இந்த வரியைக் கேட்டதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். ஹென்னஃபோர்டு எதிர் சைலஸ் மேசன் கம்பெனி என்ற அந்த வழக்கில், 1937இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் வரி செல்லும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ, உள்ளூர்க் கடைக்காரர்கள் வெளிமாநிலக் கடைக்காரர்களோடு சமநிலையில் போட்டியிட முடிவதும், வரியைத் தவிர்க்க வெளியே போய் வாங்கும் ஆசை மக்களிடம் குறைவதும் இந்த வரியின் விளைவுகள் என்று விளக்கினார். வேறு மாநிலத்தில் ஏற்கெனவே வரி கட்டியிருந்தால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சட்டத்திலேயே இடமிருந்ததால், வெளியிலிருந்து வாங்கியவர் உள்ளூரில் வாங்கியவரைவிட அதிகச் சுமை தாங்குவதில்லை என்பதே தீர்ப்பின் சாரம். ஆகவே, பயன்பாட்டு வரியை இரண்டாவது வரி என்று சொல்வது சரியாகாது. முதல் வரி எங்கும் வாங்கப்படாதபோது அதன் இடத்தில் வந்து நிற்பதே அதன் வேலை.

சட்டத்தில் இருந்தும், பல பத்தாண்டுகளாகத் தனிமனிதர்கள் இந்த வரியைக் கட்டியதே அரிது. வெளிமாநில அஞ்சல் கடையில் வாங்கிய சட்டைக்கும் புத்தகத்துக்கும் யார் போய் வரி கட்டப்போகிறார்கள்? தன் எல்லைக்குள் கடையோ கிடங்கோ இல்லாத விற்பனையாளரிடம் வரி வசூலித்துத் தரும்படி மாநிலம் கட்டளையிட முடியாது என்று 1967இலும் 1992இலும் உச்சநீதிமன்றம் கூறியிருந்தது. 2018இல் சவுத் டக்கோட்டா எதிர் வேஃபேர் வழக்கில்தான் அந்த நிலை மாறியது. ஆனால் படகு, கார், விமானம் ஆகிய மூன்றும் அந்தக் காலத்திலும் தப்பியதில்லை. காரணம் எளிது: இவற்றைப் பதிவுசெய்யாமல் ஓட்ட முடியாது. பதிவு அலுவலகத்தின் சாளரத்துக்கு வந்தாக வேண்டும். அங்கே விற்பனைப் பத்திரத்தைக் காட்டியாக வேண்டும். அதில் விலையும் தேதியும் இடமும் எழுதப்பட்டிருக்கும். விற்றவர் டீலரா, பக்கத்து வீட்டுக்காரரா என்பதும் பல மாநிலங்களில் பொருட்டில்லை. கடையில் வாங்கினால்தான் வரி, தனியாரிடம் பழைய படகு வாங்கினால் வரியில்லை என்ற நம்பிக்கையோடு ஃபுளோரிடாவிலோ கலிஃபோர்னியாவிலோ படகு வாங்குகிறவர் ஏமாந்துபோவார்.

எந்த மாநிலத்தின் சாளரத்துக்குப் போக வேண்டும் என்பதும் உரிமையாளரின் விருப்பத்தைப் பொறுத்ததல்ல. 1971ஆம் ஆண்டின் கூட்டரசு (அமெரிக்க மத்திய அரசு) படகுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழிவந்த விதிகளின்படி, ஒரு படகு எந்த மாநிலத்து நீர்நிலைகளில் அதிகமாக ஓடுகிறதோ அந்த மாநிலமே அதற்கு எண் வழங்க வேண்டும். முன்பக்கம் இருபுறமும் எழுதப்படும் அந்த எண்ணின் முதல் இரண்டு எழுத்துகளே படகு எந்த ஊர்க்காரருடையது என்று சொல்லிவிடும்: கலிஃபோர்னியா என்றால் சிஎஃப், வாஷிங்டன் என்றால் டபிள்யூஎன், ஃபுளோரிடா என்றால் எஃப்எல். வேறு மாநில எண்ணோடு ஒரு படகு விருந்தினராக வந்து தங்க, கூட்டரசு விதி 60 நாள்களை அனுமதிக்கிறது. சில மாநிலங்கள் அதை நீட்டித்துமிருக்கின்றன. அதற்கு மேலும் அதே படகுத்துறையில் கட்டிக்கிடந்தால், அந்தப் படகை விருந்தாளியாகக் கருதமாட்டார்கள்.

இனி கணக்குக்கு வருவோம். ஃபுளோரிடாவில் குடியிருக்கும் ஒருவர் நார்த் கரோலினாவில் 60,000 டாலருக்கு ஒரு படகை வாங்கி, அங்கேயே கையில் பெற்றுக்கொள்கிறார். நார்த் கரோலினாவில் படகுக்கு வரி 3 விழுக்காடு. ஆனால் ஒரு படகுக்கு 1,500 டாலருக்கு மேல் வாங்குவதில்லை. 60,000க்கு 3 விழுக்காடு 1,800 என்றாலும், உச்சவரம்பால் 1,500 டாலர் கட்டினால் போதும். அவர் படகோடு ஃபுளோரிடா திரும்புகிறார். ஃபுளோரிடாவின் விகிதம் 6 விழுக்காடு, அதாவது 3,600 டாலர். நார்த் கரோலினாவில் கட்டிய 1,500ஐக் கழித்துக்கொண்டு மீதி 2,100 டாலரை ஃபுளோரிடா கேட்கும். இதோடு மாவட்டக் கூடுதல் வரி என்று ஒன்று உண்டு. அது விலையின் முதல் 5,000 டாலருக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், மாவட்டத்தின் விகிதம் 1 விழுக்காடானால் 50 டாலர்தான். இரண்டு மாநிலங்களுக்குமாகச் சேர்த்துப் பார்த்தால், வீட்டுப் பக்கத்திலேயே வாங்கியிருந்தால் எவ்வளவு கட்டியிருப்பாரோ அதே தொகை. தாய்மாநிலத்தைவிட அதிக விகிதம் உள்ள இடத்தில் வரி கட்டிவிட்டு வந்தால் இங்கே மேலும் கட்ட வேண்டியதில்லை; ஆனால் அதிகமாகக் கட்டியதை யாரும் திருப்பித் தரப்போவதும் இல்லை. வெளிநாட்டில் கட்டிய வரியை ஃபுளோரிடா கழித்துக்கொள்ள விடுவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கரீபியன் தீவொன்றில் வரி கட்டிப் படகு வாங்கி வருகிறவர் இதைக் கேள்விப்பட்டிருப்பதே அரிது.

கணக்கு இவ்வளவு எளிது என்றால் சிக்கல் எங்கே வருகிறது? பெரும்பாலும் இரண்டு கேள்விகளில்தான்: படகு எந்த இடத்தில் கைமாறியது, அதன்பின் எத்தனை நாள் எங்கே இருந்தது. இந்த இரண்டையும் வைத்து மாநிலங்களும் படகுக்காரர்களும் நீண்டகாலம் ஆடிய ஆட்டத்தைக் கலிஃபோர்னியாவின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

கலிஃபோர்னியாவில் ஒரு காலத்தில் 90 நாள் விதி இருந்தது. வெளியில் வாங்கிய படகை முதல் 90 நாள்கள் மாநிலத்துக்கு வெளியிலேயே வைத்துப் பயன்படுத்தியிருந்தால், அது கலிஃபோர்னியாவில் பயன்படுத்துவதற்காக வாங்கப்பட்டதல்ல என்று காட்ட வழி இருந்தது. சான் டியாகோவுக்குத் தெற்கே, எல்லைக்கு அப்பால், மெக்சிகோவின் என்செனாடா துறைமுகம் ஒரு பகல் ஓட்டத் தொலைவில் இருக்கிறது. புதிய படகு வாங்கியவர்கள் கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்கு அப்பால், மாநிலத்தின் கடலெல்லை முடியும் இடத்துக்குப் போய்ப் படகைக் கையேற்றுக்கொண்டு, நேரே என்செனாடாவுக்குச் சென்று மூன்று மாதம் அங்கே கட்டிவைத்தார்கள். இப்படி வந்து தங்கும் படகுகள் மிகுந்ததால், படகுக்காரர்களிடையே இந்தக் கூட்டத்துக்கு 90 நாள் படகு மன்றம் என்ற பட்டப்பெயரே ஏற்பட்டது. அரசு 2004இல் 90 நாளை 12 மாதமாக மாற்றியது. 2007இல் அந்தச் சட்டம் காலாவதியாகி மறுபடியும் 90 நாள் திரும்பியது. 2008 அக்டோபரில் 12 மாதம் மீண்டும் வந்து இன்றுவரை நிலைத்திருக்கிறது.

இப்போதைய விதி இதுதான். மாநிலத்துக்கு வெளியில் வாங்கி, வெளியில் முதன்முதலாகப் பயன்படுத்திய படகை 12 மாதத்துக்குள் உள்ளே கொண்டுவந்து, மூன்று சூழல்களில் ஏதேனும் ஒன்று பொருந்தினால், அது கலிஃபோர்னியாவில் பயன்படுத்தவே வாங்கப்பட்டது என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். வாங்கியவர் கலிஃபோர்னியாவாசியாக இருப்பது முதற்சூழல். முதல் 12 மாதத்துக்குள் அந்தப் படகு மாநிலத்தின் சொத்து வரிக்கு உட்படுவது அடுத்தது. அந்த 12 மாதத்தில் பாதிக்கு மேற்பட்ட காலம் படகு மாநிலத்துக்குள் இருந்தது அல்லது ஓடியது என்பது மூன்றாவது. ஆகவே உள்ளூர்வாசி ஒருவர் படகை ஒரு வாரக் கடைசியில் சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று பதினோராவது மாதம் கொண்டுவந்தாலும் அனுமானம் அவர்மேல் விழும். பழுதுபார்க்கவோ மாற்றியமைக்கவோ மட்டும் கொண்டுவருவதற்கு விலக்கு உண்டு. அப்போதும் அந்தப் படகு நீரில் ஓடும் நேரம் 25 மணிக்கு மிகக்கூடாது.

கடலில் கைமாறும் அந்தச் சடங்கைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். விற்பவரின் பொறுப்பில் உள்ள மாலுமி படகை ஓட்டிவருகிறார். வாங்குபவரும் உடன் இருக்கிறார். சில வேளைகளில் நோட்டரியும் வருகிறார். எல்லையைத் தாண்டியதும் இடங்காட்டும் ஜிபிஎஸ் கருவியின் திரையில் தெரியும் அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் ஆகியவற்றைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கையளிப்புப் பத்திரத்தில் அந்த எண்களை எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். அந்தக் கணத்தில் உரிமை மாறுகிறது. இவ்வளவு ஏற்பாடும் விற்பனை வரி விழாமல் இருப்பதற்கு மட்டுமே உதவும். பயன்பாட்டு வரியைப் பற்றி அந்தப் பத்திரம் ஒன்றும் சொல்வதில்லை. அதற்குத் தேவையானது அடுத்த 12 மாதத்தின் வாழ்க்கைக் குறிப்பு: எந்தத் துறையில் கட்டியிருந்தது என்பதற்கான வாடகை ரசீதுகள், எங்கே டீசல் போட்டார்கள் என்பதற்கான சீட்டுகள், பயணப் பதிவேடு, கடன் அட்டைக் கணக்குகள். அலுவலர் அனுப்பும் கடிதம் இவற்றைத்தான் கேட்கும். அனுமானத்தை உடைக்கும் பொறுப்பு உரிமையாளருடையது. கணக்கறிக்கை எதுவும் தாக்கல் செய்யாமல் இருந்துவிட்டால், கலிஃபோர்னியா 8 ஆண்டு வரை பின்னோக்கிப் போய் வரி கேட்கலாம். வட்டியும் தண்டமும் அதற்குமேல்.

ஃபுளோரிடாவில் நிலைமை மறுபக்கத்திலிருந்து வருகிறது. அங்கே படகு வாங்க நாடெங்கிலுமிருந்து ஆள்கள் வருகிறார்கள். அவர்களை விரட்டிவிடாமலிருக்க, டீலரிடமிருந்தோ தரகர் வழியாகவோ வாங்கும் வெளிமாநிலத்தவருக்கு விற்பனை வரி விலக்கு வழங்கப்படுகிறது. விலக்குக்கு விலை உண்டு. வாங்கியவர் தாம் ஃபுளோரிடாவாசி அல்ல என்றும் படகை 10 நாளுக்குள் மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோய்விடுவதாகவும் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும்; வெளியேறிய பின் வெளிமாநிலத்து எரிபொருள் ரசீதையோ துறை வாடகை ரசீதையோ அனுப்பி மெய்ப்பிக்க வேண்டும். ஐந்து நிகர டன்னுக்குக் (எடையல்ல, படகின் கொள்ளளவைக் குறிக்கும் அளவு) குறையாத பெரிய படகுகளுக்கு 90 நாள் அவகாசம் தரும் ஒட்டுவில்லைகளை டீலர்கள் விற்கிறார்கள். வாக்கு மீறினால் வரியோடு வரிக்குச் சமமான தண்டமும் சேரும். ஜார்ஜியாவிலிருந்து வந்து ஃபுளோரிடாவில் வரியின்றி வாங்கியவர் இத்தோடு முடிந்தது என்று நினைத்துவிடக்கூடாது. படகு ஜார்ஜியா போய்ச் சேர்ந்ததும் அங்கே பயன்பாட்டு வரி காத்திருக்கிறது. ஃபுளோரிடா தந்த விலக்கு ஃபுளோரிடாவின் வரிக்கு மட்டுமே. இந்த ஒரு வாக்கியத்தைத் தரகர்கள் தாமாக எடுத்துச் சொன்னால் எத்தனையோ குடும்பங்களின் மனவருத்தம் குறையும்.

அடிக்கடி காதில் விழும் இரண்டு தவறான அறிவுரைகளை இங்கே எடுத்துப் பேசியாக வேண்டும். முதலாவது, படகைக் கடலோரக் காவல்படையிடம் கூட்டரசு ஆவணப் பதிவு செய்துவிட்டால் மாநில வரி இல்லை என்பது. ஐந்து நிகர டன்னும் அதற்கு மேலும் உள்ள படகுகளை அப்படிப் பதிவுசெய்யலாம். பதிவுசெய்த படகின் பின்புறத்தில் பெயரும் தாய்த்துறையும் எழுதப்படும், முன்புறத்தில் மாநில எண் இருக்காது. வங்கிக் கடனுக்கு அடமானம் எழுதவும் வெளிநாட்டுத் துறைமுகங்களுக்குப் போகவும் அந்தப் பதிவு பயன்படும். அது உரிமையையும் நாட்டையும் நிறுவும் ஆவணம். வரியோடு அதற்குத் தொடர்பில்லை. சொல்லப்போனால் அது மாநில அலுவலர்களுக்கு வசதி செய்துகொடுக்கிறது. உரிமையாளரின் பெயர் கூட்டரசுப் பதிவேட்டில் இருக்கிறது. அந்தப் பதிவேட்டையும் படகுத்துறைகளில் உள்ள படகுகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, வரி கட்டாதவருக்குக் கடிதம் அனுப்புவது அவர்களது வழக்கமான பணி.

இரண்டாவது, டெலவேரிலோ மொன்டானாவிலோ ஒரு நிறுவனத்தைத் தொடங்கி அதன் பெயரில் வாங்கினால் வரி இல்லை என்பது. இவ்விரண்டோடு ஓரிகானிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் விற்பனை வரி இல்லை என்பது உண்மைதான். அலாஸ்காவிலும் மாநில அளவில் இல்லை. உள்ளாட்சிகள் சில வாங்குகின்றன. ஆனால் உரிமையாளராக ஒரு நிறுவனம் இருப்பதால் படகு டெலவேரில் மிதந்துவிடாது. அது மேரிலாந்தின் செசபீக் விரிகுடாவில் ஓடினால் மேரிலாந்துதான் கேட்கும். கடன்பொறுப்பிலிருந்து பாதுகாப்பு, பங்காளிகளுக்கிடையே உரிமைப் பிரிப்பு என்று நிறுவனம் தொடங்க நியாயமான காரணங்கள் பல இருக்கலாம். பயன்பாட்டு வரி அவற்றுள் ஒன்றல்ல.

இந்த விவகாரம் நாடு முழுவதற்கும் தெரியவந்த நிகழ்வு 2010இல் நடந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சார்ந்த செனட்டர் ஜான் கெர்ரி, நியூசிலாந்தில் கட்டப்பட்ட 76 அடி நீளமுள்ள இசபெல் என்ற பாய்மரப் படகைச் சுமார் 70 லட்சம் டாலருக்கு வாங்கி, பக்கத்து மாநிலமான ரோட் ஐலண்டின் நியூபோர்ட் துறையில் வைத்திருந்தார். ரோட் ஐலண்டில் படகுக்கு விற்பனை வரி கிடையாது, மாசசூசெட்ஸில் 6.25 விழுக்காடு. செய்தித்தாள்கள் இதை எழுதியதும் கேள்விகள் எழுந்தன. வரி உண்மையிலேயே கட்ட வேண்டியதோ இல்லையோ தாம் கட்டிவிடுவதாகக் கூறி, ஏறத்தாழ 5 லட்சம் டாலரை அவர் மாசசூசெட்ஸுக்குச் செலுத்தினார். படகை நியூபோர்ட்டில் வைத்திருந்து அங்கேயே ஓட்டுவது சட்டமீறலாகாது. அதே படகு மாசசூசெட்ஸ் நீர்நிலைக்கு எப்போது, எத்தனை நாள் வந்தது என்பதில்தான் கேள்வியின் வேர் இருந்தது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் உள்ளே வந்தால் அங்கே பயன்படுத்தவே வாங்கியது என்று அந்த மாநிலமும் அனுமானிக்கிறது.

ரோட் ஐலண்டுக்கு ஏன் இந்தத் தாராளம்? 1990இல் கூட்டரசு ஒரு ஆடம்பர வரியைச் சட்டமாக்கியது. 1991 முதல், படகின் விலையில் ஒரு லட்சம் டாலருக்கு மேற்பட்ட பகுதிக்கு 10 விழுக்காடு வரி. பொருளாதாரச் சரிவும் அதே காலத்தில் சேர்ந்துகொண்டது. பெரும்பணக்காரர்கள் வாங்குவதை ஒத்திவைத்தார்கள், பழைய படகை வாங்கினார்கள், வெளிநாட்டில் வாங்கினார்கள். வேலையிழந்தவர்கள் படகுப் பட்டறைத் தச்சரும் கண்ணாடியிழைத் தொழிலாளரும். 1993இல் அந்த வரியைக் காங்கிரஸே (அமெரிக்க நாடாளுமன்றமே) திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டில், படகு கட்டும் தொழிலை நம்பி வாழும் ரோட் ஐலண்டு தன் விற்பனை வரியைப் படகுகளுக்கு முற்றாக நீக்கியது.

நகரக்கூடிய சொத்துக்கு வரி போடும் எந்த அரசும் சந்திக்கும் இக்கட்டு இது. வீடு எழுந்து பக்கத்து மாநிலத்துக்குப் போகாது. படகு போகும், அதோடு துறை வாடகையும் பழுதுபார்ப்புக் கூலியும் போகும். அதனால் கிழக்குக் கரையோர மாநிலங்கள் ஒன்றையொன்று பார்த்து வரியைச் சுருக்கத் தொடங்கின. ஃபுளோரிடா 2010 ஜூலையில் ஒரு படகுக்கான வரியை 18,000 டாலரோடு நிறுத்தியது. மேரிலாந்து 2013இல் தன் 5 விழுக்காட்டு வரிக்கு 15,000 டாலரை உச்சமாக வைத்தது. நியூயார்க் 2015 ஜூன் முதல் விலையின் முதல் 2,30,000 டாலருக்கு மட்டுமே வரி வாங்குகிறது. நியூ ஜெர்சி 2016இல் படகுக்கு விகிதத்தைப் பாதியாக்கி, 20,000 டாலரில் நிறுத்தியது. கனெக்டிகட் 2018இல் 2.99 விழுக்காட்டுக்கு இறங்கியது. வர்ஜீனியாவில் 2 விழுக்காடு, மிகையாகப் போனால் 2,000 டாலர்.

உச்சவரம்புகள் யாருக்கு உதவுகின்றன என்பதை ஒரு சிறு பெருக்கல் காட்டிவிடும். விற்பனை வரி மொத்தம் 8 விழுக்காடாக உள்ள நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில், 20,000 டாலர் விலையுள்ள அலுமினியப் படகு வாங்கும் ஒரு குடும்பம் 1,600 டாலர் கட்டுகிறது; விலையில் முழு 8 விழுக்காடு. அதே ஊரில் 23 லட்சம் டாலர் விலையுள்ள உல்லாசப் படகை வாங்குபவர் 18,400 டாலர் கட்டுகிறார், விலையில் 0.8 விழுக்காடு. பட்டறைகளின் வேலைவாய்ப்பைக் காக்க வேண்டும் என்ற நியாயத்தை நான் மறுக்கவில்லை; 1991இன் அனுபவம் உண்மையானது. ஆயினும் அந்தப் பாதுகாப்பின் செலவைச் சிறுபடகுக்காரரும் சேர்ந்து சுமக்கிறார் என்பதையும், வரியைப் பற்றி வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வசதியில்லாதவர் பெரும்பாலும் அவர்தான் என்பதையும் சட்டமியற்றுவோர் மறக்கக்கூடாது.

அவருக்காகவே சில நடைமுறை விவரங்கள். படகு, வெளிப்புற மோட்டார், டிரெய்லர் ஆகிய மூன்றையும் ஒரே விலையில் மொத்தமாக எழுதாமல், விற்பனைப் பத்திரத்தில் தனித்தனி விலையோடு எழுதச் சொல்ல வேண்டும். பல மாநிலங்களில் இவை வெவ்வேறு பதிவுகளுக்கும் வெவ்வேறு வரிகளுக்கும் உரியவை. டெக்சாஸில் படகுக்கும் மோட்டாருக்கும் உரிய வரியைப் பூங்கா மற்றும் வனவிலங்குத் துறை வாங்குகிறது. டிரெய்லருக்கு உரியதை மாவட்ட வரி அலுவலகம் வாங்குகிறது. பழைய படகைக் கொடுத்துப் புதியதை வாங்கினால், பழையதன் மதிப்பை ஃபுளோரிடா கழித்துவிட்டு மீதிக்கே வரி போடும்; கலிஃபோர்னியா முழு விலைக்கும் போடும். விற்பனைப் பத்திரத்தில் உண்மையான விலையைக் குறைத்து எழுதித் தருகிறேன் என்று விற்பவர் சொன்னால் ஏற்கவே கூடாது. நம்பத்தகாத அளவுக்கு விலை குறைந்திருந்தால் சந்தை மதிப்பைக் கொண்டு கணக்கிடும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு. பொய்யென்று தெரிந்தே கையெழுத்திட்டால் அது வரிக் கணக்கோடு முடியும் விவகாரமாகவும் இருக்காது. விற்ற மாநிலத்தில் வரி கட்டியிருந்தால், அந்தத் தொகை தனி வரியாகத் தெரியும் ரசீதை வாங்கிவைக்க வேண்டும். விலையில் எல்லாம் அடங்கும் என்று வாயால் சொன்னதைக் காட்டிக் கழிவு கேட்க முடியாது.

விற்பனை வரியும் பயன்பாட்டு வரியும் ஒருமுறை கட்டினால் முடிந்தது. ஆண்டுதோறும் வரும் சொத்து வரி வேறு. கலிஃபோர்னியாவின் மாவட்டங்கள் ஜனவரி 1ஆம் தேதி படகு எங்கே இருக்கிறது என்று பார்த்து வரி போடுகின்றன. வாஷிங்டனில் படகின் மதிப்பில் 0.5 விழுக்காடு ஆண்டு வரி உண்டு. படகை எங்கே வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கிறவர் முதலாண்டு வரியை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்.

ஏற்கெனவே படகு வைத்திருப்பவர் வேலை மாறி வேறு மாநிலத்தில் குடியேறும்போதும் இதே கேள்வி எழுகிறது. அங்கே விதிகள் சற்று இரக்கமுள்ளவை. பழைய ஊரில் வரி கட்டிய ரசீது இருந்தால் பெரும்பாலும் அதுவே போதும். ரசீது தொலைந்துபோயிருந்தாலும் காலம் துணைநிற்கலாம்: வெளியில் வாங்கி ஆறு மாதத்துக்கு மேல் வெளியிலேயே பயன்படுத்திய படகை ஃபுளோரிடா தனக்காக வாங்கியதாக அனுமானிப்பதில்லை. டெக்சாஸுக்குப் புதிதாகக் குடிவருகிறவர், வேறு மாநிலத்தில் தம் பெயரில் ஏற்கெனவே பதிவாகியிருந்த படகுக்கு 15 டாலர் மட்டும் கட்டி, பழைய பதிவுச் சீட்டைக் காட்டி, புதிய எண்ணை வாங்கிக்கொள்ளலாம்.